எரிந்த கறைக்குச் சந்தன வாசனை வராது

பள்ளிக்கூடத்தை விட்டு மூன்று வருடம் கழித்து, நேற்று ஒரு ரப்பர் வாங்கினேன், உன் கிராபிக்ஸ் கார்டைத் துடைக்க. பிரித்ததும் வந்த வாசனையில் ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சு ஞாபகத்துக்கு வந்து, கடை வாசலிலேயே நின்றுவிட்டேன். நீ இருந்திருந்தால், "ஏய் மியூட்டு, ரப்பரை மோந்துக்கிட்டு நிக்கிறியே, பசிக்குதா?" என்று கேட்டிருப்பாய்.

அந்தப் பெயரை வைத்தது நீதான். என் வாயிலிருந்து சத்தமே வராதாம். எழுந்து நின்று கன்னடப் பாடத்தை வாசிக்கச் சொன்ன அன்று வகுப்பில் வராமல் போன சத்தம், அதன் பிறகு எங்கேயும் சரியாக வரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், மறுநாள் நான் போகவில்லை. ஒரு வாரம் ஆனது, ஒரு மாதம் ஆனது. அப்பா, "படிச்ச வரைக்கும் சாக்கு, விடு" என்றார். கன்னடத்தில் சாக்கு என்றால் போதும். நம் ஸ்ரீராம்புரத்துத் தமிழ் வீடுகளிலும் அதுதான் புழங்கும். சோற்றுக்கும் சாக்கு, குழம்புக்கும் சாக்கு. என் படிப்புக்கும் அதுவே ஆனது. அன்றிலிருந்து சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறேன்.

பக்கத்து வீட்டிலிருந்த உனக்கு மட்டும் அந்த வார்த்தை ஆகாது. "சாக்குன்னா கோணிப்பை. உங்கப்பா உன்னை அதுக்குள்ள போட்டுக் கட்டிட்டாருடி" என்பாய்.

கம்ப்யூட்டர் உன்னுடையது. உன் அம்மா பெருக்கும் தெருவில் ஓர் ஆபீஸைக் காலி செய்தபோது கொடுத்தது. அதில் நீ ஓர் அனிமேஷன் படம் செய்துகொண்டிருந்தாய். நம் சந்துக்கு வரும் குப்பை ஆட்டோ, பாட்டுப் போட்டுக்கொண்டே மேலே எழும்பி, மாடியில் காயும் துணிகளைத் தாண்டிப் பறக்கும். ஓட்டுவது உன் அம்மா. எல்லாம் தயார், ஆட்டோ மட்டும் பறக்கவில்லை. மதர்போர்டிலேயே இருக்கும் ஆன்போர்டு வீடியோவுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. ஆட்டோ ஒரு சாண் எழும்பும். திரை அப்படியே உறைந்துவிடும். அதற்காகத்தான் எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கினாய்.

மாட்டியது ஒரு வெள்ளிக்கிழமை. "நீ கை, நான் வாய்" என்று வேலையைப் பிரித்தாய். நான் பெட்டியைத் திறந்தேன். நீ உத்தரவு போட்டாய். நீளமான ஸ்லாட்டில் கார்டை வைத்து, கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. திரை கருப்பு. பார்த்தால் மானிட்டர் கேபிள் இன்னும் ஆன்போர்டிலேயே இருந்தது. விழுந்து விழுந்து சிரித்தோம். கேபிளைக் கார்டுக்கு மாற்றினோம். அப்போதும் கருப்பு. சிரிப்பு நின்றது. கார்டைக் கழற்றினால் ஆன்போர்டில் படம் வந்தது. மாட்டினால் இரண்டிலும் வரவில்லை.

மறுநாள் கடைக்குப் போனோம். கடைக்காரர் மாட்டிக்கூடப் பார்க்கவில்லை. கார்டைத் திருப்பினார். ஸ்லாட்டுக்குள் போகும் தங்க நிறப் பற்களில் செம்பழுப்பாக ஒரு கறை.

"பாரும்மா, எரிஞ்ச கறை. வீட்ல ஏதோ தப்பா குத்திட்டீங்க. டெட் இது."

"நாங்க எரிக்கலண்ணா."

"நான் குடுக்கும்போது கிளீனா இருந்துச்சு. பொண்ணுங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? ஆன்போர்டே சாக்கு."

"சாக்குல கட்டிட்டுப் போகவா வந்தோம்? கார்டுண்ணா, கார்டு."

கடையில் இருந்தவர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நீ இன்னும் சத்தமாகக் கத்தினாய். எனக்கு ஒரு வாக்கியம் தெரியும். தொண்டை வரை வந்தது. கார்டு செத்திருந்தால், அதை மாட்டியதும் ஆன்போர்டு ஏன் அணைய வேண்டும்? ஸ்லாட்டில் யாரோ வந்திருப்பது தெரிந்துதானே மதர்போர்டு ஆன்போர்டை நிறுத்தி வழிவிட்டது? இதைச் சொல்லியிருந்தால் அவர் ஒருமுறை மாட்டியாவது பார்த்திருப்பார். நான் மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திரும்பும் பஸ்ஸில்தான் உன்னிடம் சொன்னேன். "இதை அங்க சொல்ல மாட்டியாடி?" என்று மட்டும் கேட்டாய்.

பன்னிரண்டாம் நாள் டெங்குவில் போய்விட்டாய்.

எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சந்தில் உன் பேச்சு வந்தால், "பாவம், ஆசைப்பட்டு வாங்கினதையும் எரிச்சிட்டுப் போயிட்டா" என்றுதான் முடிக்கிறார்கள். உன் அம்மாவும் அதையே சொல்லி அழுகிறார். அப்போதெல்லாம் ஊசி என் விரலில் ஏறிவிடுகிறது. நீ எரிக்கவில்லை. உன்னைப் பற்றிய கடைசி வாக்கியமாக அது நிற்க நான் விடப்போவதில்லை.

நேற்று உன் வீட்டுக்குப் போய்க் கார்டை எடுத்தேன். ஒரு வீடியோவில் காட்டியபடி பற்களை ரப்பரால் மெதுவாகத் தேய்த்தேன். கறை சுருள் சுருளாக வந்தது. ரப்பர் வாசனைக்கு மேலே இன்னொரு வாசனை ஏறியது. சந்தனம். எரிந்த கறைக்குச் சந்தன வாசனை வராது.

அன்று நாம் பெட்டியின் திருகாணிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, உன் அம்மா புதுப் பொருளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். கார்டு முழுக்கக் கருப்பு. தங்கமாக மின்னியது அந்த ஓரம் ஒன்றுதான். வேறு எங்கே வைப்பார்?

மாட்டி, பட்டனை அழுத்தினேன். கருப்பு. பிறகு பின்னால் எட்டிப் பார்த்தேன். கேபிள் ஆன்போர்டில். மறுபடியும் அதே தப்பு. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். கேபிளை மாற்றினேன். படம் வந்தது. உன் ஆட்டோ எழும்பியது. ஒரு சாண், ஓர் ஆள் உயரம், பிறகு காயும் துணிகளுக்கு மேல்.

பாட்டுச் சத்தம் கேட்டு உன் அம்மா ஓடி வந்தார். திரையில் தானே ஆட்டோ ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எரிஞ்சு போச்சுன்னாங்களேடி?"

"எரியவே இல்ல ஆன்ட்டி. அவ ஒண்ணும் பண்ணல. பல்லுல அழுக்கு, அவ்வளவுதான்."

அழுக்கு என்றுதான் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே. உன் மேலிருந்து துடைத்ததை உன் அம்மா மேல் பூச எனக்கு மனம் வரவில்லை. அவர் அழுது முடித்து, முகம் கழுவி, குங்குமச் சிமிழோடு வந்தார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, "மேல வைங்க ஆன்ட்டி, ஃபேன் மூடி மேல. அங்கதான் பளிச்சுன்னு தெரியும்" என்றேன்.

இன்று காலை கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, தனியாக அந்தக் கடைக்குப் போனேன். அவருக்கு என்னை ஞாபகம் இல்லை. "இத மாட்டிப் பாருங்கண்ணா" என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். மாட்டினார். படம் வந்தது.

"நல்ல கார்டு. விக்கணுமா?"

"இதத்தான் டெட்னு சொன்னீங்க. என் ஃபிரண்டு எரிச்சிட்டான்னு சொன்னீங்க. டெட்டான கார்ட மாட்டினா ஆன்போர்டு ஏண்ணா அணையணும்?"

கார்டைத் திருப்பிப் பார்த்தார். பற்கள் பளபளவென்று இருந்தன. "அந்தச் சத்தம் போட்ட பொண்ணா? எங்க அது, வரலையா?"

"செத்துட்டா."

அவர் கார்டை மேஜைமேல் வைத்தார். பிறகு, "சரி விடும்மா. இப்ப ஓடுதில்ல, சாக்கு" என்றார்.

எந்தக் கன்னடத்தில் வகுப்பில் வாசிக்க முடியவில்லையோ, அதே கன்னடத்தில் சொன்னேன். "சாக்காகல்ல." போதாது. "அவ எரிக்கலன்னு சொல்லுங்க."

கடையில் நாலு பேர் இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"எரிக்கல" என்றார். "நான்தான் சரியா பாக்கல."

கார்டையும் ரப்பரையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஆட்டோ துணிகளைத் தாண்டியதோடு உன் படம் நின்றிருக்கிறது. மேலே எங்கே போக வேண்டும் என்று இனி நான்தான் யோசிக்க வேண்டும். கை வேலையோடு வாய் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். எங்கே இறங்க வேண்டும் என்று கண்டக்டர் கேட்டார். ஒரே தடவைதான் சொன்னேன்.