காலனி நிறுத்தத்தில் ஏறுவோர் பூஜ்யம்

அன்பு மகன் பாண்டியனுக்குச் சித்தி செவ்வந்தி எழுதுவது.

கையில் போன் இருக்கும்போது இத்தனை பக்கம் எழுதி உன் நேரத்தை எடுப்பதற்கு முதலில் மன்னித்துக்கொள். போனில் சொல்லிவிடலாம் என்றுதான் நான்கு ஞாயிறுகளாக நினைத்தேன், நீ கூப்பிட்டதும் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், உன் தங்கச்சி அம்முலு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள், எதிரே ஆள் இருந்தால் எனக்குப் பாதிப் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும் என்று உனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு லேபுக்குப் போய்விடுவாய். தவிர இதோடு பதினோரு தாள்கள் வைத்து அனுப்ப வேண்டியிருக்கிறது, அவை என்ன என்று பிறகு சொல்கிறேன். அப்பாவின் கண் ஆபரேஷனுக்குப் பிறகு இங்கே யாரும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை, அசாமில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் நான் வேண்டிக்கொள்வது.

அப்பா சொட்டு மருந்தை வேளாவேளைக்குப் போட்டுக்கொள்கிறார், நான் இல்லாத நேரத்தில் அம்முலு போட்டுவிடுகிறாள். இருட்டில் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் அறுவடை மெஷின் வேலைக்கு இந்தப் போகம் போகவில்லை, வீட்டில் இருப்பது அவருக்கும் பிடிக்கவில்லை எங்களுக்கும் பழகவில்லை. எனக்குக் கால் வீக்கம் இருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை, எட்டு மணி நேரம் நின்றுகொண்டே ஒயர்க் கட்டுகளைச் சோதிக்கிறவளுக்கு வராமல் யாருக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்கினாலும் திங்கட்கிழமை கண் எரிகிறது, அவ்வளவுதான். மாநாட்டில் திரைக்குப் பக்கத்தில் நின்று நீ அனுப்பிய போட்டோவை அப்பா இன்னும் டீக்கடையில் காட்டிக்கொண்டிருக்கிறார். எம் புள்ள பஸ்ஸுக்கே வழி சொல்லிக் குடுத்துக்கினு கீறான் என்று அவர் சொல்ல, அப்போ டிரைவருக்கு இன்னா வேல என்று யாரோ கேட்டார்களாம், அன்று முழுக்க அப்பாவுக்கு முகம் சரியில்லை. அந்தப் போட்டோவை நானும் பெரிதாக்கிப் பார்த்தேன், பலமுறை பார்த்தேன். உன் பின்னால் திரையில் எங்கள் கம்பெனி பஸ்ஸின் வழித்தடம் இருந்தது, உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் வழியாக ஒரகடம் வரை, நிறுத்தங்களெல்லாம் சிவப்புப் புள்ளிகளாக. திருப்புலிவனம் கோயில் நிறுத்தம் இருந்தது. அதற்கு முன்னால் நம் காலனி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு.

உன் கணக்கில் தப்பு என்று சொல்ல வரவில்லை. நானும் பி.எஸ்சி. கணிதம் படித்தவள்தானே, எங்கள் வீட்டில் காலேஜ் வாசலைப் பார்த்த முதல் ஆள், மறந்தது போக மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. பஸ்கள் ஓடும் மொத்த நேரமும் டீசலும் எவ்வளவு குறைய முடியுமோ அவ்வளவு குறைய வேண்டும், ஆனால் யாரும் தன் நிறுத்தத்துக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் நடக்கக் கூடாது, இந்த நிபந்தனைக்குள் எந்தெந்த நிறுத்தம் வேண்டும், எது வேண்டாம், இதைத்தானே கம்ப்யூட்டருக்குள் பஸ்களை ஆயிரம் தடவை ஓடவிட்டு நீ கண்டுபிடித்தாய். அம்முலுவின் பழைய நோட்டில் நம் வழித்தடத்தை மட்டும் போட்டுப் பார்த்தேன். நாங்கள் கொடுத்த எண்களைக் கொடுத்தால் எனக்கும் அதே விடைதான் வந்தது. காலனி நிறுத்தத்தில் ஏறுவோர் பூஜ்யம், ஆகவே நிறுத்தம் தேவையில்லை. அந்தப் பூஜ்யத்தை உனக்குக் கொடுத்தது நான்தான் பாண்டியா.

இரண்டு வருஷத்துக்கு முன் நீ படிவங்கள் அனுப்பினாயே, பெயர், எந்த நிறுத்தத்தில் ஏறுகிறீர்கள், வீட்டிலிருந்து நடக்க எத்தனை நிமிடம் என்று. நம் பஸ்ஸில் வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்து வாங்கும் வேலை என்னுடையது. நம் காலனியில் பதினோரு பேர், அதில் ஒன்பது பேருக்கு நானே எழுதினேன். முதல் படிவத்தில் காலனி என்று எழுதப் போனபோது மங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளை உனக்கு நினைவிருக்கும், மாதா கோயிலுக்குப் பின்வீடு, இப்போது எங்கள் கேன்டீனில் பாத்திரப் பக்கம் வேலை பார்க்கிறாள். இது ஆபீசுக்குப் போகிற பேப்பரா என்று கேட்டாள். ஒரு நகல் போகும் என்றேன். முன்பு அவள் இருந்த கம்பெனியில் அட்ரஸ் எழுதிக் கொடுத்த மறுவாரமே சமையலறையிலிருந்து கக்கூஸ் கழுவும் பக்கம் மாற்றிவிட்டார்களாம், ஏன் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. "காலனின்னு போடாதமே. கோயில் ஸ்டாப்புன்னு போடு. பஸ்ல கூட வர்றதுங்களுக்குத் தெரியும், அது வேற. ஃபைல்ல ஏறிச்சின்னா அது வேற" என்றாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். நான் எதிர்த்துப் பேசவில்லை, எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. என் படிவத்திலும் கோயில் நிறுத்தம், ஐந்து நிமிடம் என்று எழுதினேன். டிரைவர் தானியேல் எப்படியும் காலனி முனையில் நிறுத்தி ஏற்றிக்கொள்ளத்தானே போகிறான், ஒரு படிப்புக்குக் கொடுக்கிற தாள் பஸ்ஸை நிறுத்திவிடும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

உன் ஆய்வு கம்பெனிக்குப் பிடித்துப்போய் ஜூன் மாதத்திலிருந்து அப்படியே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது நாங்கள் விடியற்காலை நாலேகாலுக்கு வீட்டை விட்டு இறங்கிக் கோயில் நிறுத்தத்துக்கு நடக்கிறோம், இருபத்தைந்து நிமிடம். சாலையில் விளக்கு கிடையாது, அந்த நேரத்தில்தான் கல்குவாரி லாரிகள் போட்டி போட்டுக்கொண்டு வரும். முதல் வாரம் தானியேல் வழக்கம்போல நிறுத்தினான், ஜி.பி.எஸ்.ஸில் தெரிந்து மெமோ கொடுத்துவிட்டார்கள். "யக்கா, என்ன பேஜார்ல மாட்டி உடாதீங்க, குடும்பஸ்தன்" என்றான், பாவம். நாங்கள் தாமதமான நாட்களில் அவன் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். வண்டியை மெதுவாக்கி, விளக்கைத் தணித்து, தாண்டிப் போவான், நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். கோயிலடியில் டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல் இறங்கி நின்று இரண்டு நிமிடம் கடத்துவான். மங்கம்மா மூச்சு வாங்கிக்கொண்டே ஏறி, காலி சீட்டோட போற பஸ்ஸ இந்த வயசுல துரத்திக்கினு ஓட வெச்சிட்டாம்பா உம் புள்ள என்று என்னைப் பார்த்துச் சொல்வாள், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அவள் கோபமாகச் சொல்வதில்லை. நாமதான் எழுதிக் குடுத்தோம், அந்தப் புள்ளைக்கு இன்னா தெரியும் என்று அவளே முடித்தும் விடுவாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதுவரை மூன்று பேர் வேலையை விட்டுவிட்டார்கள். போன மாதக் கடைசியில் நம் காலனி மேலத்தெரு நிஷாவை ஒரு லாரி உரசிப் பள்ளத்தில் தள்ளிவிட்டது. முட்டியில் ஆறு தையல், வேறொன்றுமில்லை. இருபது வயதுதான் ஆகிறது, லைனில் அவள் கைவேகம் யாருக்கும் வராது, அடுத்த வருஷம் தபாலில் பி.காம். சேர வேண்டும் என்று என்னிடம் விவரம் கேட்டு வைத்திருந்தாள். அவள் அப்பா இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார், செய்யாறு பக்கம் சொந்தத்தில் மாப்பிள்ளை கேட்டு ஆளும் அனுப்பியாயிற்று. நான் போய்ப் பார்த்தபோது, "யக்கா, ஸ்டாப்பு திரும்ப வந்துச்சின்னா வேலைக்கு உட்றேன்னு சொல்லிகீறாரு. மாசக் கடைசி வரைக்கும்தான் டைமு" என்றாள். என்னைப் பார்க்காமல் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஹெச்.ஆர். அறைக்குப் போனேன். ஏழு வருஷத்தில் நானாகப் போனது அதுதான் முதல் தடவை, கதவுக்கு வெளியே இரண்டு முறை திரும்பி வந்துவிட்டு மூன்றாவது முறை தட்டினேன். உன் வயதுள்ள பையன், மரியாதையாக உட்காரச் சொன்னான். லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "பாருங்க மேடம், உங்க ஸ்டாப்ல ஏறுறவங்க ஜீரோ. நாங்களா எடுக்கல, ஸ்டடி சொல்லுது" என்றான். நாங்கள் பதினோரு பேர் ஏறிக்கொண்டிருந்தோம் என்றேன். அவன் நம்பாமல் ஃபைலை எடுத்துப் படிவங்களை என் முன்னால் வைத்தான். ஏறக்குறைய எல்லாமே என் கையெழுத்து, கொம்பு சுழிப்பது வரைக்கும். ஸ்டடி செய்தவர் திருத்தி மெயில் போட்டால் முப்பதாம் தேதி பஸ் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது சேர்த்துவிடலாம், அவர் உங்கள் ஊர்க்காரர்தான் போலிருக்கிறதே, தெரியுமா என்று கேட்டான். சொன்னால் நீயும் காலனி என்று ஆகிவிடுமே, அவர் என் மகன் என்று நான் சொல்லவில்லை. கேள்விப்பட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். லைனுக்குத் திரும்பும்வரை காதெல்லாம் சுட்டது. பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் வந்தது மங்கம்மாவின் பயமில்லை, என்னுடையது.

அன்று மாலையே வீடு வீடாகப் போனேன். வேலையை விட்டவர்களிடமும் போனேன். புதுப் படிவம் எழுத வேண்டும், இந்த முறை உள்ளபடி எழுத வேண்டும் என்றேன். சிலர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். மங்கம்மா வெகுநேரம் வெற்றிலையைக் கிழித்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு எழுது. அம்பத்து மூணு வயசுல இனிமே என்ன எங்க மாத்தப் போறானுங்க, மாத்தனா மாத்தட்டும். சின்னப் பொண்ணுங்களுக்கு எழுதறதுக்கு முன்ன அதுங்களக் கேட்டுக்கோ, நாம பேசி முடிவு பண்ணாத" என்றாள். ஒவ்வொருத்தியையும் தனியாகக் கேட்டேன். இரண்டு நாள் பிடித்தது. பதினோரு பேரும் இந்த முறை அவரவர் கையாலேயே எழுதினார்கள், மங்கம்மாவுக்கு எழுத்துக்கூட்டி எழுத முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவைதான் இதோடு இருக்கும் தாள்கள். நீ மெயில் போடுவாய் என்று எனக்குத் தெரியும், அதைக் கேட்பதற்கு இவ்வளவு எழுத வேண்டியதில்லை.

மழைக்காலம் முடியும்வரை கொசுவலை இல்லாமல் படுக்காதே. ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பிஸ்கட்டைத் தின்று தூங்காதே, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், போட்டோவில் முன்நெற்றி ஏறியிருக்கிறது. வருகிற புதன்கிழமை உன் அம்மாவின் நினைவு நாள். படத்துக்கு மாலை போட்டு அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் வைத்துவிடுவேன், நீ காலையிலேயே கூப்பிட்டு அப்பாவிடம் பேசு, அன்று அவர் போனைக் கையிலேயே வைத்திருப்பார். எடுத்த படிப்பை நல்லபடியாக முடித்து, பேருக்கு முன்னால் அந்தப் பட்டத்தோடு நீ வந்து நிற்க வேண்டும், உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம், அம்முலு முத்தம் தரச் சொன்னாள்.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை மூடி மூடித் திறந்தேன். கோயிலிலிருந்து நம் வீட்டுக்கு எத்தனை நிமிடம் என்று உனக்குத் தெரியும், கோயிலடிப் பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு வருஷம் நடந்தவன் நீ. சித்தியின் படிவத்தில் ஐந்து நிமிடம் என்று பார்த்தபோது நீ கேட்டிருக்கலாம். இரண்டாயிரம் தாள்களில் என்னுடையது உன் கண்ணில் படாமலும் போயிருக்கலாம். பார்த்திருந்தால், ஏன் அப்படி எழுதினேன் என்று புரிந்துதான் கேட்காமல் விட்டாய் என்று நினைக்கிறேன். போன பொங்கலுக்கு உன் சிநேகிதன் வந்தபோது காஞ்சிபுரத்திலேயே அறை எடுத்துக் கோயில்களைக் காட்டி அனுப்பினாய். நான் நண்டு வாங்கி வைத்திருந்தேன். நீ தனியாக வந்து, அவனுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றாய், நானும் சரி என்று தட்டை வைத்தேன். அதில் உன்மேல் எனக்கு வருத்தமில்லை, நானும் அதையேதான் ஹெச்.ஆர். அறையில் செய்துவிட்டு வந்தேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போது இந்தத் திருத்தத்துக்கு ஒரு காரணம் எழுத வேண்டி வரும். தரவில் பிழை என்று ஒரு வரி எழுதினால் போதும், யாரும் மேலே கேட்கமாட்டார்கள். உண்மையை எழுதினால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று உன் பேராசிரியர் கேட்பார், நீ சொல்ல வேண்டியிருக்கும். உன்னால் முடியாது என்றால் மெயிலை மட்டும் போட்டுவிடு, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். முடியும் என்றால் பிழை என்று எழுதாதே பாண்டியா. அந்தப் பதினோரு பேரும் தங்கள் இடத்தின் பெயரைச் சொல்லப் பயந்து வேறு பெயரை எழுதினார்கள் என்று எழுது. அதில் ஒருத்தி உன் சித்தி என்றும் எழுது.

இப்படிக்கு,
செவ்வந்தி முனிரத்தினம்