மைக்கு அடியில் இருக்கும் சொல்

தேகு,
17 நவம்பர் 1977

மிரானின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் சிறை அதிகாரி பியோன் படிப்பார். அவருக்கும் என் வணக்கம்.

குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டாயிற்று. இந்த வருஷம் முப்பது கோசுதான். மிரானுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரிக்க மாட்டேன் என்கிறாள்.

நீங்கள் அங்கிருந்து மொழிபெயர்த்து அனுப்பிய ஜெர்மன் தத்துவப் புத்தகத்தின் நான்காம் அத்தியாயம் வந்தது. தட்டச்சு செய்ய உட்கார்ந்தால், பக்கத்துக்குப் பக்கம் ஒரே ஒரு சொல்லின் மேல் மட்டும் கறுப்பு மை பூசியிருக்கிறது. முந்தைய அத்தியாயங்களில் வராத சொல் போலிருக்கிறது. சரிபார்க்க மூலப் புத்தகமோ உங்களிடம் இருக்கிறது. பொருத்தமாக ஏதாவது ஒன்றைப் போட்டுவிடுங்கள் என்கிறார் பதிப்பாளர் ஹாம். எனக்குத் துணிவு வரவில்லை.

செவ்வாயன்று பஸ் பிடித்து அங்கே வந்தேன். உங்களைப் பார்க்க இந்த மாதமும் அனுமதி இல்லை என்றார்கள். அதிகாரி பியோனை மட்டும் பார்த்தேன். மேஜையில் மூன்று அகராதிகள் வைத்திருந்தார்.

"எதுலயும் இந்த வார்த்தை இல்லம்மா. உங்க வீட்டுக்காரர் அறுபத்திரண்டு தடவை எழுதியிருக்கார். யாரோட பேரு இது?"

பேர் இல்லை, தத்துவச் சொல்லாக இருக்கும், நம் மொழியில் இல்லாததால் அவரே உண்டாக்கியிருப்பார் என்றேன். என்ன சொல் என்று கேட்டேன். அதைச் சொல்வதற்கா மை பூசினேன் என்றார். அப்புறம் இந்த மாதிரிச் சொற்களுக்கெல்லாம் என்னதான் அர்த்தம் என்று என்னையே கேட்டார்.

"எனக்கும் தெரியலைங்க. கல்யாணம் ஆனதுலேருந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஒவ்வொரு தடவையும் வேற பதில் சொல்றார்."

அவர் சிரித்துவிட்டார். தனக்குப் புரிகிற மாதிரி நீங்கள் விளக்கி எழுதினால், மை பூசாமல் அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, மை பூசிய இடங்களில் ஒவ்வொரு சொல்லாகப் பொருத்திப் பார்த்தேன். மைக்கு அடியில் இருக்கும் அது வரும் நாளில் யாருக்குப் பதிலாகவும் யாரும் போய் நிற்க முடியாது என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். விடுதலை என்று போட்டாலும் பொருந்துகிறது. சாவு என்று போட்டாலும் பொருந்துகிறது. அறுபத்திரண்டு இடத்திலும் அப்படித்தான். எதை மனதில் வைத்து எழுதினீர்கள்? குளிர் தொடங்கிய பிறகு எழுதிய அத்தியாயம் என்பதால் கேட்கிறேன்.

படித்தவர்களுக்கு எழுதுவதுபோல் வேண்டாம். அதிகாரிக்கும் எனக்கும் புரிகிற பேச்சில் இரண்டே வரி எழுதுங்கள். அதுவரை அந்த இடங்களைக் காலியாகவே விட்டுத் தட்டச்சு செய்கிறேன். கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டை மிச்சம் வைக்காதீர்கள்.

உங்கள் இரண்டு வரிக்காகக் காத்திருக்கும்,
ஓக்ஜா