ஒற்றைக் காதுக்கு வாங்கிய கேமரா

மச்சான்,

கேமராப் பையைத் திறந்ததும் உங்கள் பாக்குப்பொடி வாசனை வந்தது. நீங்கள் கண்ணை மூடி மூன்று வருஷமாகிறது. அந்த வாசனை மட்டும் ஹைதராபாத்தை, நம் மௌலா அலியை, விட்டுக் கிளம்பவில்லை. மகள் தன் கல்யாண டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும் என்றாள். அதற்காகத்தான் பீரோவைக் குடைந்தேன்.

அவள் நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி, பெரிய ஆபீசர், "வீடியோவுக்கு யாரு?" என்று கேட்டார். பத்தாம் வகுப்பைத் தாண்டாத நான், "வெளியாள் எதுக்கு? எச்டி கேமரா எனக்குத் தண்ணிபட்ட பாடு. ஜப்பான்காரனே என்கிட்ட சந்தேகம் கேட்பான்" என்று விட்டேன். வீட்டில் இருந்தது ஒரு டார்ச் லைட். உங்கள் தங்கை என்னை முறைத்தாள். குட்டு உடைந்தால் என் பெண் அந்த வீட்டுக்குள் புளுகன் மகளாகத்தான் நுழைவாள்.

மறுநாளே என்னைக் கோட்டி கடைத்தெருவுக்கு இழுத்துப் போனீர்கள். கடையில் இருபது எச்டி கேமரா. நீங்கள் இருந்தால் மூன்று என்பீர்கள். சரி, மூன்று. வெள்ளி நிறத்தில் ஒன்றைக் காட்டி, "சார்மினார்ல நின்னா கோல்கொண்டா தெரியும் சாப்" என்றார் கடைக்காரர். புளுகில் என் ஜாதி மனுஷன். அதையே எடுக்கலாம் என்றேன்.

ரயில்வே பணிமனைச் சுத்தியல் உங்கள் இடது காதைத் தின்றிருந்தது. ஹெட்போனை வலது காதில் அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு கேமராவின் முன்னாலும் என்னைப் பேசச் சொன்னீர்கள். பேசுவதற்கா எனக்குச் சொல்லித்தரவேண்டும்?

"இது நக்கோ பாய், வேணாம். வெளி மைக் சொருக இடமே இல்ல" என்று வெள்ளிக் கேமராவைத் தள்ளிவைத்தீர்கள்.

"மச்சான், எச்டின்னா படம்தான்."

"படம் பார்க்க ஊருக்கே கண்ணு இருக்கு மாப்ள. இந்த ஒத்தக் காதுக்குக் கேக்கற மாதிரி வாங்குங்க."

கறுப்புக் கேமராவோடு திரும்பினோம். பத்து நாள் சாயங்காலம் மௌலா அலி குன்றுப் படியில் உட்காரவைத்து என்னைப் பழக்கினீர்கள்.

நேற்று டேப் ஓடியது. மகளின் புது டிவியில் அந்த எச்டி படம் கஞ்சி மாதிரி இருக்கிறது. அவள் புகுந்த வீட்டுக்குக் கிளம்பும் நேரம், கேமராவை அணைக்காமலே நான் அழுதுகொண்டு நின்றிருக்கிறேன். நாலு நிமிஷம் என் செருப்புதான் படம். ஸ்டுடியோக்காரர் அதை வெட்டிவிட்டுத்தான் அப்போது டிவிடி போட்டார். ஆனால் சத்தம் அவ்வளவு தெளிவு. அந்தச் செருப்புப் படத்தின் மேல், எனக்குப் பின்னாலிருந்து சம்பந்தி உங்களிடம் கேட்கிறார்:

"கேமரா நல்லாருக்கே, யார் செலக்ஷன்?"

"எங்க மாப்ளதான். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? காதே சரியாக் கேக்காது" என்கிறீர்கள்.

அன்று அழுகையில் என் காதில் விழவில்லை; இத்தனை வருஷம் இது எனக்குத் தெரியாது மச்சான்.

உடனே மகளிடம், "தேர்ந்தெடுத்தது உங்க மாமாதாம்மா. எனக்கு எந்தப் பட்டன் எதுக்குன்னே தெரியாது" என்றேன்.

"நக்கோ டாடி, இது புதுக் கதையா? மாமாவே சொல்றாரே" என்று சிரித்தாள்.

என் வாழ்க்கையில் ஜோடிக்காமல் சொன்ன ஒரே விஷயம். உங்கள் குரலை எதிர்த்து அதை ஜெயிக்கவைக்க என்னால் முடியவில்லை.

செருப்பு வரும் இடத்தை வெட்டிவிடலாம் என்றாள். வேண்டாம் என்று அந்த நாலு நிமிஷத்தை மட்டும் என் போனில் ஏற்றிக்கொண்டேன். காலையில் நடக்கப் போகும்போது கேட்கிறேன், வலது காதில் மட்டும் வைத்து.