கிறவல் பாதைக்கு என் விதிகள்

1980 ஜனவரி 6, ஞாயிறு

இறக்காமம் குளக்கட்டில் சைக்கிளோடு விழுந்தேன். முழங்கை உரிந்தது, வலது பெடல் வளைந்தது. மழை விட்டு நான்கு நாட்களே ஆன கட்டில், காற்றை இறுக அடித்த ரயர்களுடன் ஏறியது என் பிழை. வண்டியின் பிழையன்று. வயதின் பிழையுமன்று.

அருகே வரம்பில் நின்ற கச்சிமுகம்மது என்னும் விவசாயி தூக்கிவிட்டார். "சேர், ஒங்களுக்கு ரோட்டுல இடமில்லையா? இந்தக் கட்டால வாறத்துக்கு யானையே யோசிக்கும்."

யானை யோசிக்கட்டும். வாரத்தில் ஐந்து நாள் கந்தோரில் பிரதம இலிகிதராக அமர்ந்து, பிறருடைய கடிதங்களுக்கு இலக்கமிடுகிறேன். ஞாயிறு என்னுடையது. கல்முனைக் கடைத்தெரு வழியாகச் சேற்றுடனேயே வீடு திரும்பினேன். ஒழுங்கைக்குள் ஒளிந்து வருவதற்கு நான் எதையும் திருடவில்லை.

ஜனவரி 7, திங்கள்

கை மடங்கவில்லை. கந்தோரில் யாரும் கேட்கவில்லை; எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஜனவரி 13, ஞாயிறு

சரளைக்கல் பரவிய கிறவலுக்கும் மணலுக்கும் ரயரில் காற்றைக் குறைக்க வேண்டும். பெருவிரலால் அமுக்கினால் சற்றே உள்வாங்குவது போதும். அதற்கும் குறைந்தால் கல் ரியூபை வெட்டிவிடும். தார் வீதிக்கு வந்ததும் காற்றடிக்கும் பம்மை எடுத்து மீண்டும் அடிக்க வேண்டும். சோம்பேறிகளுக்கு இது உதவாது.

மணலில் ஹாண்டிலைத் திருப்பக் கூடாது. மிதிப்பதை நிறுத்தவும் கூடாது. இரண்டில் ஒன்றைச் செய்தாலும் முன்சில்லு புதையும். இன்று இரண்டையும் செய்து பார்த்தேன். புதைந்தது.

ஜனவரி 25, வெள்ளி

ஜும்ஆ முடிந்ததும் மீராசா ஹாஜியார் பள்ளிவாசல் முற்றத்தில் என்னைத் தனியே அழைத்தார். கல்முனைக்குடியில் புடைவைக் கடை வைத்திருப்பவர். அவருடைய மகன் றஊபுக்குத்தான் எங்கள் மகள் றம்ஸியாவைப் பேசியிருக்கிறோம். ஏப்ரலில் காவின் எழுதி மணமுடிப்பதாக ஏற்பாடு.

"சம்மந்தி, கோவிக்கப்படா. கடைக்கு வாறவன் போறவனெல்லாம் கேக்கான், ஒங்கட சம்மந்தி சேத்துல உறுண்டு விளையாடுறாராமே எண்டு. அந்தச் சைக்கிள உட்டுருங்க."

"எந்தச் சட்டத்துல இரிக்கி ஹாஜியார்?"

"சட்டமில்ல. மானம்."

"நான் நீளக் காற்சட்டை போட்டுத்தானே ஓடுறன். முழங்கால்கூடத் தெரியாதே."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப நாங்களும் யோசிக்கத்தான் வேணும்" என்றார்.

சைக்கிள் என்று அவர் சொன்ன விதம்! நாய்க்குட்டி என்பதைப்போல.

ஜனவரி 27, ஞாயிறு

ஓடினேன். சைக்கிளில் வழமையாகப் போகும் தூரம் அல்ல. குளத்துக்கு அப்பாலுள்ள கற்குன்று வரை. மாட்டுத்தடம் ஒன்று மேலே போகிறது. ஏறும்போது உடலை முன்னே சாய்த்து, சீற்றின் நுனியில் இருக்க வேண்டும். இறங்குவது வேறு வித்தை. சீற்றை முன்னதாகவே இரண்டு விரல் தாழ்த்திக்கொள்ள வேண்டும். வேகத்தைச் சரிவு தொடங்கும் முன்பே குறைக்க வேண்டும். சரிவின் நடுவில் முன்பிறேக்கை இறுக்குபவன் ஹாண்டிலுக்கு மேலால் பறப்பான். இரு பெடல்களும் ஒரே மட்டத்தில், முழங்காலும் முழங்கையும் தளர்ந்து, சீற்றை விட்டு எழுந்து நிற்க வேண்டும். வண்டி தன் பாட்டில் துள்ளட்டும். ஆள் துள்ளக் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது கண். கல்லைப் பார்த்தால் கல்லில்தான் ஏறுவோம். கல்லுக்குப் பக்கத்தில் உள்ள வழியைப் பார்க்க வேண்டும்.

அடிவாரம் வரை விழாமல் வந்தேன். ஆளில்லாத இடத்தில் உரக்கச் சிரித்தேன். ஐம்பது வயதில் சிரிப்பதற்கும் ஹாஜியாரிடம் அனுமதி பெற வேண்டுமா?

பெப்ரவரி 3, ஞாயிறு

வீட்டில் பெரிய சத்தம். வண்டியை வாசலுக்கு எடுத்தபோது மனைவி றாஹிலா குறுக்கே வந்து நின்றாள்.

"மகள்ற வாழ்க்கையா, ஒங்கட சைக்கிளா? ஒண்டச் சொல்லிட்டுப் போங்க!"

அவளைச் சுற்றிக்கொண்டு போனேன். வாய்க்கால் பாலம்வரை போய்க் கிறுகி வந்துவிட்டேன். மிதிக்க மனம் வரவில்லை.

நான் என்ன களவெடுத்தனா? குடிச்சனா? ஆருட வரம்பையும் வெட்டினனா? ஒரு மனிசன் சைக்கிள் ஓடினா ஒரு கலியாணம் நிக்குமா —

நிற்கும். அதுதான் உண்மை. மகளுக்கு இருபத்து மூன்று வயது. பிடிவாதம் என்னுடையது, அதன் விலையைக் கொடுக்கப் போகிறவள் அவள். அப்படியானால் இது துணிவா?

பெப்ரவரி 12, செவ்வாய்

றம்ஸியாவிடமே கேட்டேன். பாடசாலையிலிருந்து வந்து, புழுதி படிந்த கால்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜனவரியில்தான் ஆசிரிய நியமனம் கிடைத்தது. வயல்களுக்கு நடுவே உள்ள பள்ளிக்கூடம். பஸ்ஸை விட்டு இறங்கிக் கிறவல் பாதையில் நெடுந்தூரம் நடக்க வேண்டும்.

"நீ உடச் சொன்னா உட்டுருறன் மகள்" என்றேன்.

"நீங்க சைக்கிள உட்டா, அடுத்தது என்ட வேலைய உடச் சொல்லுவாங்க வாப்பா."

இதை நான் யோசித்திருக்கவில்லை.

பிறகு, மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரவேண்டிய மணக்கொடையைப் பற்றிக் கேட்டாள்: "மஹர் என்ன வேணுமெண்டு நான்தானே சொல்லணும்?"

"ஓம். அது ஒன்ட உரிமை. ஆரும் மாத்தேலா."

"அப்ப எனக்கு ஒரு சைக்கிள்."

அடுப்படியில் றாஹிலாவின் கையிலிருந்து எதுவோ விழுந்தது.

பெப்ரவரி 16, சனி

நான்கு நாட்களாக மறுப்பதற்கு நியாயம் தேடுகிறேன். ஊர் என்ன சொல்லும் என்பதைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை. அந்த நியாயத்தைத்தான் பள்ளிவாசல் முற்றத்தில் நான் ஏற்க மறுத்தேன். எனக்கு ஒரு விதி, மகளுக்கு இன்னொன்று என்றால் அது விதியே அன்று.

பெப்ரவரி 22, வெள்ளி

மாப்பிள்ளை வீட்டார் அஸர் தொழுகைக்குப் பின் வந்தார்கள். ஹாஜியார், அவருடைய மைத்துனர், றஊப். வழமைப்படி இந்த வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுக்கிறோம். நானும் றாஹிலாவும் பின்வளவில் கட்டும் சிறிய வீட்டுக்குப் போகிறோம். அதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. மஹருக்கு வந்தபோது, "நூத்தியொண்டு ரூவா எண்டு போடுவமே" என்றார் ஹாஜியார்.

மணமகளின் வலி, அதாவது அவளுக்குப் பொறுப்பானவர், என்ற முறையில் நான் எழுந்து நின்றேன். இருந்தபடியே சொல்லியிருக்கலாம். நின்றுதான் சொன்னேன்: "மகள் கேட்டிரிக்கிற மஹர், ஒரு துவிச்சக்கர வண்டி."

மைத்துனர்தான் முதலில் வாய் திறந்தார்: "அல்லாஹ்வே! பொம்புளைக்கா?"

"மகளையும் சேத்துல உறுட்டப் போறீங்களா?" என்று ஹாஜியார் எழுந்தார். "இது எங்களக் கேலி பண்ற கத. வா மகன், போவம்."

றஊப் எழும்பவில்லை. அதுவரை தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பொடியன், என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்:

"மாமா, இருபத்திரெண்டு இஞ்சிச் சைக்கிளா, இருபத்தினாலா?"

ஹாஜியார் தகப்பனாக அவனைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். "இருபத்திரெண்டு" என்றேன்.

பெப்ரவரி 24, ஞாயிறு

ஓடினேன். றாஹிலா குறுக்கே வரவில்லை. பேசவுமில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

காவின் எழுதி முடிந்தது. மஹர் என்ற இடத்தில் பதிவாளர் பேனையை நிறுத்தி, "இதத்தான் எழுதணுமா?" என்று கேட்டார். எழுத்துப் பிசகாமல் எழுதும்படி சொன்னேன். ஹாஜியார் விருந்தில் என் பக்கம் இருக்கவில்லை. சோறு நல்லாயிருந்தது.

மே 11, ஞாயிறு

சுபஹுத் தொழுகைக்குப் பின் கடற்கரையில் றம்ஸியா பழகுகிறாள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சீற்றைப் பிடித்தபடி றஊப் பின்னால் ஓடுகிறான். வலை இழுக்க வந்தவர்கள் வேலையை விட்டுப் பார்க்கிறார்கள். ஒருவர் கத்தினார்: "மாப்பிள, அவ ஓடுறா, நீ என்னத்துக்கு மனே களைக்காய்?"

காற்றைக் குறைக்கச் சொன்னேன். கேட்டார்கள். தூரத்தைப் பார்க்கச் சொன்னேன். அவள் கடலைப் பார்த்தாள், கடலுக்குள்ளேயே போனாள். உவர்நீர் பட்ட செயினை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட வேண்டும். அன்றே.

ஜூன் 6, வெள்ளி

பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒருவர், மகள் பாடசாலைக்குச் சைக்கிளில் போவதைப் பற்றி விசாரித்தார். "அது அவட மஹர். மார்க்கம் படிச்ச ஆலிம்சாட்டக் கேட்டுப் பாருங்க, புருசனுக்கும் அதில உரிமை இல்ல" என்றேன். கேட்கப் போனதாகத் தெரியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

அடுத்த வாரம் நோன்பு தொடங்குகிறது. அதற்கு முன் மகள், மருமகன், நான் மூவரும் கற்குன்றுக்குப் போனோம். ஹாஜியார் ஞாயிறுகளில் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. திங்கட்கிழமைகளில் வருகிறார், வண்டி நிற்கும் பக்கம் திரும்பாமல் தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்.

புறப்படும்போது றாஹிலா தண்ணீர்ப் போத்தல்களைத் தந்தாள். "தாகம் வாறத்துக்கு முந்திக் குடிங்க" என்றாள். இது என் விதி. அவளிடம் நான் சொன்னதாக நினைவில்லை.

ஏற்றத்தின் பாதியில் றஊப் இறங்கி நின்றான். "கொஞ்சம் இளைப்பாறிட்டுப் போவமா?"

றம்ஸியா திரும்பிப் பார்க்கவில்லை. "கதைக்காம மிதிங்க" என்றாள்.

புருசன் பெண்சாதிக்கு நடுவில் பேசுவது முறையன்று. நானும் கதைக்காமல் மிதித்தேன்.