துக்க வீட்டுக்குப் போன சைக்கிள்

மே 2, செவ்வாய்

சைக்கிள் வைத்திருப்பவளுக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. இன்று சந்தை ஓரத்தில் ஒருவன், "அக்கா, சக்கரம் சுத்துது" என்று கத்தினான். ஒன்பது வருடமாகக் கேட்கிறேன். இன்றும் குனிந்து பார்த்தேன்! எங்கே நிறுத்தினாலும் போகிறவன் வருகிறவன் எல்லாம் டயரை அமுக்கிப் பார்த்துக் காற்று கம்மி என்கிறான். பம்பு மட்டும் ஒருத்தனிடமும் இல்லை. போதாததற்கு, இடுப்பில் கட்டியிருந்த புது சிட்டெஞ்சேத் துணி சங்கிலியில் மாட்டி ஒரு முழம் கிழிந்தது.

மே 4, வியாழன்

விடிந்ததும் பக்கத்து வீட்டு ஜைலோசி வாசலில் நின்றான். தொப்பி கையில். அத்தை இறந்துவிட்டாளாம், சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவர சைக்கிள் வேண்டுமாம். சாவுக்குக் கேட்டால் என்ன செய்வது? துக்கத்துக்கு சைக்கிள் இல்லை என்றவள் வீட்டுத் துக்கத்துக்குக் குழிவெட்ட ஆள் வராது. கொடுத்தேன்.

வியாழன்தோறும் சிம்வாலாவில் நான் நடத்தும் குழந்தைநல முகாம். குழந்தைகளை எடைபோடும் தராசைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன், பதினான்கு கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தபோது மரத்தடியில் ஒரு தாயும் இல்லை. வெயிலுக்கு முன்பே காத்திருந்து திரும்பிவிட்டார்கள்.

மேற்பார்வையாளர் ம்வாலே திட்டவில்லை, அதுதான் பயம். ஏப்ரல் மழையில் ஒரு வியாழன் தவறியது, இது இரண்டாவது. மூன்றாவது தவறினால் முகாமைத் தார்ச்சாலைக்கு மாற்றிவிடுவார்கள். சிம்வாலாப் பெண்கள் முதுகில் பிள்ளையோடு மூன்று மணி நேரம் நடக்க வேண்டும். பாதிப்பேர் வரமாட்டார்கள். எந்தப் பாதி என்றுகூட எனக்குத் தெரியும்.

மே 5, வெள்ளி

சைக்கிள் திரும்பி வந்தது. சீட்டை அடிவரை இறக்கியிருக்கிறான், மிதித்தால் முட்டி மோவாயில் இடிக்கிறது. பின்சக்கர வால்வு மூடி இல்லை. கேரியரில் என்ன தெரியுமா? ஒட்டிக் காய்ந்த ஏரி நெத்திலி, ஏழு. துக்க வீட்டில் கேரியரில் மீன் பரிமாறுகிறார்களா?

எண்ணிப் பார்த்தேன். இதே அத்தை பிப்ரவரியிலும் செத்தாள்.

மே 9, செவ்வாய்

சாயங்காலம் மறுபடி அதே தொப்பி. இந்த முறை தாய்மாமன். வெள்ளிக்கிழமைதான் சைக்கிள் திரும்புமாம். முகத்தைச் சாவுக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டேன். மாமா பேர் என்ன, எந்த ஊர் என்று மெல்லக் கேட்டேன். யோசிக்க நேரம் இல்லாமல் உண்மையான மாமனையே சொல்லிவிட்டான். ம்தோங்கா ஊர்க் கபெனி. ம்தோங்கா இங்கிருந்து ஆறே கிலோமீட்டர்!

கொடுத்தனுப்பினேன். என் வீட்டுக்காரருக்குக் கோபம்.

"பொய்னு தெரிஞ்சும் ஏன் குடுத்தே?"

"நெசமா இருந்துட்டா?"

துக்கம் என்று காதில் விழுந்தால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்யப் போகிறேன், அவ்வளவுதான். சர்ச் மகளிர் சங்கத்தின் நாபிரி அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். சந்தேகத்தையும் மறைக்கவில்லை. துக்க வீட்டுக்குக் கொண்டுபோக அக்கா மாவுப்பானையைத் திறந்துகொண்டே சொன்னாள்: "செத்திருந்தா அழுவோம். இல்லேன்னா மாவு திரும்பி வந்துடும். காலையில கெளம்பு."

மே 10, புதன்

இதை எழுதாமல் தூங்க முடியாது.

பதினொரு பேர் போனோம். தலையில் சோளமாவும் விறகும். ஊர் எல்லையிலேயே நாபிரி அக்கா துக்கப்பாட்டை எடுத்துவிட்டாள், நாங்களும் சேர்ந்துகொண்டோம். கபெனி வீட்டு முற்றத்தில் ஒரு கிழவர் உட்கார்ந்து மீன்வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். பாட்டைக் கேட்டதும் பதறி எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"யாரும்மா போய்ட்டாங்க?"

"கபெனி ஐயா."

"எந்தக் கபெனி?"

"ஜைலோசியோட தாய்மாமன்."

மனிதர் தன் மார்பைத் தானே ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். அத்தையையும் விடவில்லை. அந்த அத்தை, அவர் மனைவிதான், உள்ளேயிருந்து துடைப்பத்தோடு வந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாங்கள் மாவைத் திரும்ப எடுக்கப் போனோம். கபெனி விடவில்லை. "எனக்குன்னு கொண்டாந்தது. என் சாவுச்சோத்த நான் இருக்கும்போதே தின்னுட்டுப் போறேன், பொங்குங்க" என்றார். ஊரே கூடிவிட்டது. சிமா என்கிற சோளக்களியும் கீரையும். செத்தவர் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

நெத்திலி என்றதுமே அவருக்கு இடம் புரிந்துவிட்டது, பிறகு என்னோடு ஏரிக்கரைக்கு நடந்தார். அங்கே ஜைலோசி என் கேரியரில் நெத்திலி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான். நாளைக்குச் சந்தை அல்லவா! நிமிர்ந்தவன் எதிரில் மாமா. கயிறு கையிலிருந்து நழுவியது. எங்கள் பக்கத்தில் அப்பன் திட்டினால் தாங்கலாம், தாய்மாமன் சொல்லுக்குமேல் சொல் கிடையாது. கபெனி குரலைக்கூட உயர்த்தவில்லை.

"மூட்டைய எறக்கு. தலையில வெச்சு நட. வழியில யாராவது கேட்டா, மாமா சாவுக்குப் போறேன்னு சொல்லு."

நான் சைக்கிளில் வந்தேன். முட்டி மோவாயில் இடிக்க இடிக்க, சிரித்துக்கொண்டே வந்தேன்.

மே 11, வியாழன்

சீட்டை ஏற்றி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக் கிளம்பினேன். ஏழே முக்காலுக்கு சிம்வாலா. நாற்பத்திமூன்று குழந்தைகள்! தராசில் தொங்கியபடி ஒருவன் என்மேல் ஒன்றுக்கிருந்தான். ம்வாலே சொல்லாமல் பரிசோதிக்க வந்தார், வரிசையைப் பார்த்தார், நோட்டில் ஏதோ எழுதினார். போகும்போது ஒரே ஒரு வார்த்தை: "இங்கேயே இருக்கட்டும்."

அவர் டயரையும் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மே 25, வியாழன்

முப்பத்தொன்பது. மழை இல்லை, சாவும் இல்லை.

ஜூன் 7, புதன்

மத்தியானம் ஜைலோசி வேலிக்கு வெளியிலேயே நின்றான். உள்ளே வரவில்லை, சைக்கிளைப் பார்க்கவும் இல்லை.

"அக்கா, என் மாமனார் போய்ட்டாரு. நான் ஒண்ணும் கேக்க வரல. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"நாங்க மாவு எடுத்துட்டு வரலாமா?"

"வாங்க அக்கா." கண் கலங்கியிருந்தது.

நாளைக்கு வியாழன். இருந்தும் நானே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் அவன் கையில் கொடுத்தேன்.

ஜூன் 8, வியாழன்

விடிகாலையில் கதவைத் திறந்தேன். சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கழுவியிருக்கிறான். இரண்டு வால்வுக்கும் மூடி. ஏறி உட்கார்ந்து பார்த்தேன்: சீட்டு என் உயரத்தில்.