கேலனுக்கு முப்பது மைல்

அப்பா,

வீட்டில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. சாயங்காலம் அம்மா உங்கள் அரைக்குப்பியை எடுத்து, அதன் அடியில் கிடந்த டீசல் மண்டியை விளக்கில் ஊற்றினாள். திரி சரியாகப் பிடிக்கவில்லை, புகைந்தது. புகை பரவியதும் வீடு முழுக்க உங்கள் காக்கிச் சட்டையின் மணம். அம்மா அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அதை அணைத்துவிட்டுத் தம்பியின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அவள் உறங்கட்டும் என்று காத்திருந்து, நான் அதை மறுபடி ஏற்றி, நெல்லுப் பெட்டிக்குப் பின்னால் வைத்து எழுதுகிறேன். பூகோள நோட்டின் கடைசித் தாள்கள் இவை. சத்தம் கேட்காதபடி மெல்லக் கிழித்தேன்.

நாளைக் காலையில் இன்ஸ்பெக்டர் என்னையும் அம்மாவையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார். ஒர்க்‌ஷாப் சவரிமுத்து மேஸ்திரி ஐந்து நாளாக லாக்கப்பில் இருக்கிறார். பிரேக் கெட்ட வண்டியை அவர் கவனிக்காமல் வெளியே விட்டதால்தான் நீங்கள் இறந்தீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மை இல்லை என்று மூன்று பேருக்குத் தெரியும். அதில் நீங்கள் இப்போது உயிரோடு இல்லை. மேஸ்திரி சொல்வதை யாரும் நம்பவில்லை. மீதி நான்தான்.

உங்களிடம் எழுதிப் பார்த்துவிட்டால் நாளைக்கு வாய் திறக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் ஆள் ஏற்றி ஓட்டிய அந்தக் காரை முதலாளி பழைய இரும்புக்குப் போட இருந்தார். யுத்தத்துக்கு முன் வந்த பெரிய பிளஷர் கார். ஒரு கேலன் பெட்ரோலுக்குப் பன்னிரண்டு மைல்கூட ஓடாது. அதில் டீசல் என்ஜின் வைக்கலாம் என்று முதலில் சொன்னது நீங்களா மேஸ்திரியா என்று எனக்குத் தெரியாது. எங்கேயோ கவிழ்ந்து கிடந்த ஒரு வேனின் என்ஜினை வாங்கிவந்து, கோட்டாற்று ஒர்க்‌ஷாப்பில் இரண்டு பேரும் இரண்டு மாதம் மல்லுக்கட்டினீர்கள். முதல்முறை அது உயிர்பிடித்தபோது எதிர்க்கடைப் பாத்திரமெல்லாம் கடகடவென்று ஆடியது. கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். “என்ன வே, காருக்க உள்ள நெல்லு மில்லா வச்சிருக்கு?” என்று கேட்டார். மேஸ்திரி முகமெல்லாம் கரியோடு சிரித்தார். “மில்லுதான். ஆனா கஞ்சி கொஞ்சமாட்டுதான் குடிக்கும்” என்றார்.

முதலாளி ஒரு மாதம் தவணை கொடுத்தார். கேலனுக்கு முப்பது மைல் கொடுத்தால் வண்டி இருக்கும், நீங்களும் இருப்பீர்கள். இல்லாவிட்டால் உங்களையும் மேஸ்திரியையும் அனுப்பிவிடுவார்.

அந்த மாதம் நீங்கள் வேறு ஒரு மனிதராக இருந்தீர்கள். டீசலைப் பழைய வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிகட்டுவீர்கள். துணியைப் பிழிந்து வருகிற மண்டியைத்தான் இந்தக் குப்பியில் சேர்த்துவைத்தீர்கள். விடிகாலையில் டயரை ஒவ்வொன்றாகத் தட்டிக் காற்றுப் பார்ப்பீர்கள். இறக்கம் வந்தால் என்ஜினை நிறுத்திவிட்டு வண்டியைச் சும்மா உருள விடுவீர்கள். அப்போது திடீரென்று அமைதியாகிவிடும். பின்னால் இருக்கிறவர்கள் இந்தத் தாலூக்காக்கள் திருவிதாங்கூரோடு நிற்குமா, சென்னை ராஜ்யத்தோடு சேருமா என்று கத்திப் பேசிக்கொண்டிருந்தது வெளியே வயலில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்.

ஒரு நாள் வில்லுக்குறி தாண்டி நாம் மெல்லப் போய்க்கொண்டிருந்தபோது ஒருவர் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

“ஓய் டிரைவரே, அந்தா போற மாட்டுவண்டியையாவது முந்தக்கூடாதா?”

“மாடு வழியில புல்லு தின்னுக்கிடும். நம்மதுக்கு நான்லா ஊத்தணும். அவசரம்னா நீரு அதுல ஏறிக்கிடும்.”

வண்டி முழுக்கச் சிரித்தது. கேட்டவரும் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை, மைல் காட்டுகிற முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஆள் ஏறக் காத்திருக்கும்போது என்ஜினை ஓடவிட்டால் டீசல் வீண். நிறுத்திவிட்டால், அந்தப் பழைய பாட்டரியால் மறுபடி ஸ்டார்ட் பண்ண முடியாது. அதனால் எங்கே நிறுத்தினாலும் சரிவில்தான் நிறுத்துவீர்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் கயிறு கட்டிய ஒரு மரக்கட்டையை அடைகொடுக்க வேண்டும். ஆள் நிறைந்ததும் நீங்கள் உட்கார்ந்து, கியரை விடுவித்துவிட்டு, “எடு மக்கா” என்பீர்கள். நான் கயிற்றைப் பிடித்துக் கட்டையை இழுத்துக்கொண்டு படியில் தொற்றிக்கொள்வேன். வண்டி சத்தமில்லாமல் உருளும். பாதி இறக்கத்தில் நீங்கள் கியரைப் போட, என்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

சனிக்கிழமைகளில் அது என் வேலை. நான்கு வாரத்தில் நான் நன்றாகப் பழகிவிட்டேன். நீங்கள் உட்காருகிற அசைவு தெரிந்தாலே இழுத்துவிடுவேன். “சொல்லும் முன்ன எடுத்துட்டியே, பிள்ளே” என்று நீங்கள் சொன்னதற்காகவே மறுபடியும் அப்படிச் செய்தேன். ஒருமுறைகூட நீங்கள் கண்டிக்கவில்லை. இதை உங்கள் மேல் குறையாகச் சொல்லவில்லை அப்பா.

மாதத்தின் கடைசி சனிக்கிழமை. காலையில் ஒர்க்‌ஷாப் வாசலில் மேஸ்திரி வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்.

“கைப்பிரேக்குக் கம்பி அறுந்துட்டு, கேட்டீரா. திங்கக்கெழமைதான் புதுசு வரும். வண்டிய இங்கன போட்டுட்டுப் போவும்.”

“இன்னைக்கு ஒரு நாளு கழிஞ்சா மாசம் முடியும். இப்ப நிறுத்தினா மொதலாளி என்ன சொல்லுவாருன்னு தெரியும்லா? கால்பிரேக்கு பிடிக்குல்லா?”

“அது பிடிக்கு. நிக்கும்போதுதான் பயம். சரிவுல நிறுத்தாண்டாம்.”

“பின்னே ஸ்டார்ட் எடுக்கதுக்கு நீரு கூட வந்து தள்ளுவீரா?”

மேஸ்திரி சிரித்தார். ஆனால் வண்டிக்கு முன்னாலிருந்து விலகவில்லை. நீங்கள்தான் அவர் தோளைப் பிடித்து மெல்ல ஒதுக்கினீர்கள். அவர் என்னிடம் வந்து குனிந்து சொன்னார். “மோளே, இன்னைக்கு அப்பன் சொல்லாம கட்டைய எடுக்காண்டாம், என்னா?” நான் தலையாட்டினேன்.

புலியூர்க்குறிச்சி சரிவில் நிறுத்தியிருந்தோம். ஒரு பெரியவர் தன் வீட்டுப் பலாவில் பறித்த இரண்டு சக்கைப் பழம் கொண்டுவந்தார். அவற்றை முன்பக்க பம்பரில் கட்டினீர்கள். ஆள் நிறைந்தது. நீங்கள் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்தேன். குனிந்து கயிற்றைக் கையில் சுற்றினேன். கட்டை இறுகிப் போயிருந்தது. காலால் உதைத்து இழுத்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சக்கை சரிந்ததைக் கண்டு நீங்கள் மறுபடி இறங்கி முன்னால் போயிருந்தது எனக்குத் தெரியாது. கியர் ஏற்கெனவே விடுபட்டிருந்தது.

கட்டை கையோடு வந்தது. வண்டி நகர்ந்தது. படியில் தொற்றப் போனபோதுதான் டிரைவர் இருக்கை காலியாக இருப்பதைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதவில்லை. கீழே வளைவில் மதிலில் முட்டித்தான் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கி ஓடிவந்து வண்டியைப் பின்னால் தள்ளினார்கள். உங்களை எடுத்துக் கிடத்தினார்கள். நான் கயிறும் கட்டையுமாக ஓடிவந்து நின்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள், பிறகு என் கையைப் பார்த்தீர்கள். சக்கைக்காரப் பெரியவர் உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, எப்படி ஆயிற்று என்று கேட்டார்.

“கட்டை நழுவிட்டு” என்றீர்கள். மூச்சு வாங்கியது. “பிள்ளை தூரத்துல நின்னா.”

அதற்குப் பிறகு நீங்கள் பேசவே இல்லை. தக்கலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே போய்விட்டீர்கள்.

பெரியவர் அதை அப்படியே போலீசாரிடம் சொன்னார். கட்டை நழுவினாலும் கைப்பிரேக் வண்டியைப் பிடித்திருக்க வேண்டும், பிடிக்காததற்குக் காரணம் மேஸ்திரியின் அசட்டை என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். கம்பி அறுந்ததைக் காலையிலேயே சொன்னேன் என்று மேஸ்திரி சொல்லிப் பார்த்தார். “செத்தவன் வந்து மறுக்கமாட்டான்னு தைரியம்” என்றார் முதலாளி. உங்களைப் போல நிதானமான டிரைவர் அப்படிப்பட்ட வண்டியை எடுக்கவே மாட்டார் என்றும் சொன்னார். உங்களைப் பற்றி ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நேற்று மேஸ்திரியின் மனைவி வந்தார். கைக்குழந்தையோடு முற்றத்தில் நின்றார். அம்மா எழுந்திருக்கவே இல்லை.

“எம் பிள்ளையளுக்க அப்பனைக் கொன்னுபோட்டு, இங்க வந்து நிக்கியா?”

“அக்கா, அவரு சொல்லிட்டுத்தான் விட்டாராம். உங்க மோளும் கூட நின்னாளாம். அவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். “ஏட்டி, நீ கேட்டியா?”

“எனக்குத் தெரியாது” என்றேன்.

மேஸ்திரியின் மனைவி என்னைப் பார்த்தார். திட்டவில்லை. “சரி மக்கா” என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தோள்மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

சொன்னால் அம்மா என்னை எப்படிப் பார்ப்பாள் என்பதுதான் பெரிய பயம். அப்பனைக் கொன்ற பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். பிரேக் இல்லாத வண்டியில் ஏழு பேரை ஏற்றினான் என்று உங்களையும் சொல்வார்கள். நீங்கள் அந்த வலியிலும் என்னைத் தூரத்தில் நிறுத்தினீர்களே, அதை நானே கலைத்துவிட்டேன் என்று ஆகும். இந்த ஒன்றை நினைத்துத்தான் ஐந்து நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

முதலாளி வீட்டு ஆள் இன்று வந்து, அந்த மாதம் வண்டி கேலனுக்கு முப்பத்திரண்டு மைல் கொடுத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. நானும் ஒரு நிமிஷம் உங்களுக்காகச் சந்தோஷப்பட்டேன். உடனே மேஸ்திரியின் ஞாபகம் வந்தது. அவருக்கு இதை யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்?

அப்பா, நீங்கள் இருந்திருந்தால் அவரை ஒரு ராத்திரிகூட அங்கே விட்டிருக்க மாட்டீர்கள். எனக்காக அந்த வார்த்தையைச் சொன்னபோது அது அவர் தலையில் போய் விழும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் நான் அதற்குள் ஒளிந்துகொண்டிருக்க முடியாது. நாளைக்கு ஸ்டேஷனில் அந்த வார்த்தை உண்மை இல்லை என்று சொல்லப்போகிறேன். என் முகத்தையும் கையையும் பார்த்த பிறகுதான் நீங்கள் அதைச் சொன்னீர்கள். அது மட்டும் எனக்கு இருக்கட்டும், அதை இன்ஸ்பெக்டரிடம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கட்டையை எடுத்தது நான்தான் என்பதை அம்மா ஸ்டேஷனில், எல்லோர் முன்னாலும் வைத்து முதல்தடவையாகக் கேட்கக் கூடாது.

பாய் அசைகிறது. தம்பியின் கையை விலக்கிவிட்டு அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது.

“உறங்கலியா, மக்கா?” என்கிறாள்.

இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்பா.