கீச்சென்றால் ஓடி வருவாய்

யோவ் மாமா,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை காலை நடுத்தெருவில் நின்று ஒரு காரைப் பார்த்து, "வாய மூடுடி!" என்று கத்திவிட்டேன். எதிரே வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரர், தன் பெண்சாதியைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து முறைத்தார்.

நான் சொன்னது அவளைத்தான், உன் வெள்ளைக் காரை. சாவியைத் திருப்பியதும் முன்பக்கத்திலிருந்து கீச் கீச்சென்று அதே பெல்ட் சத்தம். மந்தைவெளியில் எங்கள் தெருவே எழுந்துவிட்டது. அந்தச் சத்தம் கேட்டால் சோற்றில் வைத்த கையோடு ஓடி வருவாய். நான் தொண்டை கட்டிப் பேச்சே வராமல் ஒரு வாரம் கிடந்தபோது மட்டும், "இன்னாடி, வூடு அமைதியா கீது?" என்று சந்தோஷமாகக் கேட்டாய்.

பொறாமைதான், மறைப்பானேன்? வெள்ளிக்கிழமை உன் கையால் முதல் குளியல் அவளுக்கு. அவள் கண்ணாடிக்குச் சுற்றியது போக மிச்சப் பூதான் எனக்கு. பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்கு முன்னால் வளைந்து வளைந்து ஓடும் அந்த ஒற்றை பெல்ட்டை நகத்தால் தடவிப் பார்ப்பாய். இப்படி என் கையை என்றைக்காவது பிடித்துப் பார்த்தாயா என்று வாசலில் நின்று எரிவேன்.

ஒரு நாள் சோதித்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாய். அடுப்படியிலிருந்து நானே வாயால் கீச் கீச்சென்று கத்தினேன். லுங்கியை இழுத்துப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடிப் பானெட்டைத் தூக்கிவிட்டாய். நான் சிரித்த சிரிப்பில் பால் பொங்கிப் போனது.

"ஏய், நீயா? பெல்ட்டு தேஞ்சுடுச்சா உனக்கு?"

"ஆமா, தேஞ்சுதான் போச்சு. மாத்திடேன்."

"போடி. அவளுக்குன்னா புதுப்பேட்டைல கேட்ட ஸ்பேர் கிடைக்கும். உனக்கு எங்க போய்த் தேட?"

அன்று முழுக்க உன்னை முறைத்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பேச்சை நினைத்து ராத்திரி நானாகவே சிரித்ததை உன்னிடம் சொல்லவில்லை.

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் நீதான். பெல்ட்டைப் பற்றிப் பாடம் எடுத்ததும் நீதான். "சத்தத்துக்குப் பயந்து மாத்தாத. காலைல கத்திட்டு அடங்கிட்டா ஈரமா, தூசியா இருக்கும். திருப்பிப் பாரு. உள்பக்கம் வெடிச்சிருந்தா ஒரு நாள்கூடத் தள்ளாத. அது அறுந்தா தண்ணி பம்பு நிக்கும், எஞ்சின் கொதிச்சிடும்." அந்த எஞ்சின்தான் இன்று எனக்குச் சோறு. மயிலாப்பூர் மாமிகளைத் தி.நகர் கடைகளுக்கும் அடையாறு ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய் விடுகிறேன்.

போன மாதமே மெக்கானிக் பாய் பார்த்துவிட்டார். "அண்ணி, உள்பக்கம் பூரா வெடிச்சிருக்கு. ரோட்ல நிக்க வெச்சிடும்." பார்க்கலாம் பாய் என்று வந்துவிட்டேன். புது பெல்ட் இல்லாமல் இல்லை. நீ போன பிறகு டிக்கியைத் துடைத்தபோது, உன் துண்டில் சுற்றி வைத்திருந்தது கிடைத்தது. ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு முந்தின வாரம் போய் வாங்கினாயாம், பாய் சொன்னார். மூச்சு வாங்கிக்கொண்டு நீ கடைசியாகக் கடைக்குப் போனது அவளுக்காக. எனக்கு ஒரு முழம் பூகூட இல்லை. எப்படி மாட்டுவேன்? கத்தட்டும் என்று விட்டேன்.

அது மட்டும் இல்லை. பழைய பெல்ட் உன் கையால் மாட்டியது. கழற்றினால் போயிற்று.

திங்கட்கிழமையே பனகல் பார்க் சிக்னலில் பெல்ட் வழுக்கிப் பேட்டரி விளக்கு மின்னியது. பின்சீட்டு மாமி காதைப் பொத்திக்கொண்டார். "என்னடி இது, எங்காத்து கிரைண்டர் மாதிரி கத்தறது? வெள்ளிக்கிழமை நேக்குக் கண் ஆபரேஷன். உன்னை நம்பிண்டுதான் இருக்கேன், வழில எறக்கி விட்டுடாதே."

எனக்கும் உன் வெள்ளைக்காரிக்கும் ஆயிரம் சண்டை இருக்கும். அதில் மாமியின் கண் எதற்கு? அவரை வீட்டில் விட்டதும் நேராக பாயிடம் போனேன்.

அவர் நீ வாங்கியதை மாட்டிவிட்டு, கழற்றிய பழைய பெல்ட்டைக் குப்பை டப்பாவில் போடப் போனார். கையைப் பிடித்து வாங்கிவிட்டேன். "இது இன்னாத்துக்கு அண்ணி?" என்றார். இப்போது என் கைப்பையில் இருக்கிறது. பையைத் திறந்தால் ரப்பர் வாடை. நீ வாங்கியதை அவள் வைத்துக்கொள்ளட்டும். உன் கை பட்டது எனக்கு. இந்த ஒன்றிலாவது அவள் தோற்றாள்.

இன்று வெள்ளிக்கிழமை. மாமியைக் கண் ஆபரேஷனுக்கு ஏற்றிக்கொண்டு போகச் சீக்கிரமே கிளம்பினேன். சாவியைத் திருப்பினேன். கீச் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி திருப்பினேன். கர்ர்ர்ரென்று பல்லோடு பல் உரசி ஒரு அலறல். மறுபடியும் தெருவே எழுந்தது.

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து குனிந்து சொன்னார்:

"யம்மா, அது ஓடிக்கினுதாம்மா கீது."